இல்லத்து மின்னமைப்பும் திடீர் மின்னெழுச்சியும்

மின்சாரம் புகாத மூலை இன்று எமது இல்லங்களில் இல்லை. 1950ஆம் ஆண்டில் லக்சபானா நீர்மின் நிலையம் தொழிற்படத் தொடங்கியபோது, எமது ஊர்களில் மின்விளக்கு எரிந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவ்வீடுகளில் இருந்தனவும் சில இழைவிளக்குகளும், ஒரு விசிறியும், ஒரு வானொலிப் பெட்டியுமே. இழையும் இரும்பும் செம்புச்சுருளுமாக அமைந்த அப்பொருள்கள் மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வை ஓரளவு பொறுத்துக்கொண்டன. இன்றோ, சுவரில் எரியும் சிறு விளக்கினுள்ளும் குறைகடத்திகள் உள்ளன. குளிர்ப்பெட்டி, சலவைப்பொறி, கணினி, தொலைக்காட்சி ஆகிய யாவும் மயிரிழையினும் நுண்ணிய பாதைகளில் மின்னைச் செலுத்துவன. பொருள்கள் நுண்மையடைந்தன, ஆனால் அவற்றுக்கு மின்னூட்டும் கம்பியமைப்போ பல வீடுகளில் பாட்டனார் காலத்து அமைப்பாகவே நின்றுவிட்டது. இப்பொருத்தமின்மையே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளின்முன், ஐப்பசி மாதத்து மாலையொன்றில், எமக்கு நன்கு பழக்கமான இல்லமொன்றில் நிகழ்ந்ததை முதலிற் கூறுவோம். அங்கு முதிய தம்பதியர் இருவர் வாழ்ந்தனர். கடல்கடந்து வாழும் மக்கள் அனுப்பிய பணத்தில் வாங்கிய தொலைக்காட்சியும் குளிர்ப்பெட்டியும் அவர்களிடம் இருந்தன. அம்மையாரின் நீரிழிவுக்கான இன்சுலின் மருந்தும் அக்குளிர்ப்பெட்டியிலேயே வைக்கப்பட்டிருந்தது. “சேர்ஜ் புரொட்டெக்டர்” என்று கடைக்காரர் சொல்லி விற்ற, சிவப்பு விளக்கோடு கூடிய மல்ரிபிளக் ஒன்றினூடாகவே யாவும் இணைக்கப்பட்டிருந்தன.

அன்று காற்றோடு மழை பெய்தது. ஒழுங்கையில் நின்ற தென்னையிலிருந்து மட்டையொன்று மின்கம்பியில் விழுந்தது. விளக்குகள் அணையவில்லை, மாறாக, கண்ணைக் கூசும்படி ஒளிர்ந்தன. விசிறி வெறிகொண்டாற்போலச் சுழன்றது. சிறிது நேரத்தில் மல்ரிபிளக்கிலிருந்து புகை எழுந்து, அருகிலிருந்த திரைச்சீலையில் தீப்பற்றியது. அயல்வீட்டு இளைஞர் ஓடிவந்து மெயின் சுவிச்சை நிறுத்தி, மண்ணை வாரியெறிந்து தீயை அணைத்தார். உயிர்கள் தப்பின. தொலைக்காட்சியும் குளிர்ப்பெட்டியும் பழுதாயின. மறுநாட் காலை, இன்சுலினைப் பனிக்கட்டியிட்ட பாத்திரத்தில் வைத்துக்கொண்டு, அவ்வையா எம்மிடம் ஒரு வினாவைக் கேட்டார்: “தம்பி, காவல் என்று சொல்லித்தானே அதை வாங்கினோம், காவலே ஏன் எரிந்தது?”

இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். விடையை அறிந்தவர் தம் இல்லத்தைக் காக்கும் வழியையும் அறிந்தவராவர்.

மின்னெழுச்சி என்பது யாது?

எமது நாட்டில் இல்லங்களுக்கு வழங்கப்படும் ஆடலோட்டத்தின் வோல்ற்றளவு 230; மீடிறன் செக்கனுக்கு 50 வட்டம். வோல்ற்றளவு நூற்றுக்கு 6 பங்கு கூடியோ குறைந்தோ நிற்கலாம் என்பது விதி. எனவே 216 முதல் 244 வரையான வோல்ற்றளவு வழமையானதே. 230 என்பது பயன்படு பெறுமானம். ஆடலோட்டம் ஏறி இறங்கும் தன்மையதாதலின், ஒவ்வொரு வட்டத்திலும் அது ஏறத்தாழ 325 வோல்ற்று என்னும் உச்சத்தைத் தொட்டு மீளும். இவ்வுச்சப் பெறுமானத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக.

இவ்வெல்லையை மீறி வோல்ற்றளவு உயர்வது இருவகைப்படும். முதலாவது, ஒரு செக்கனின் பத்திலட்சத்திலொரு பங்காகிய மைக்குரோசெக்கன்களில் தோன்றி மறையும் கூரிய எழுச்சி. அது ஆயிரக்கணக்கான வோல்ற்றுவரை உயரலாம்; ஆயின் ஐம்பது அல்லது நூறு மைக்குரோசெக்கனில் அடங்கிவிடும். இரண்டாவது, 300 அல்லது 350 வோல்ற்று என்னும் அளவில் எழுந்து, செக்கன்களாகவோ நிமிடங்களாகவோ நீடித்து நிற்கும் மிகையழுத்தம். முன்னையது இடியேறு போன்றது. பின்னையது வெள்ளம் போன்றது. இரண்டையும் ஒன்றென மயங்கியதனாலேயே அவ்வையாவின் வீட்டிற் காவல் தீயாயிற்று.

எழுச்சி எங்கிருந்து வருகின்றது?

முதற் காரணம் மின்னல். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட பங்குனி, சித்திரை மாதங்களிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் எமது நாட்டில் இடிமின்னல் மிகுதி. மின்னற் பாய்ச்சலொன்று சாதாரணமாக 30,000 அம்பியர் அளவான ஓட்டத்தைக் கொண்டது. அது வீட்டின்மீது விழவேண்டுமென்பதில்லை. தொலைவில் ஒரு பனையில் விழுந்தாலும், அதன் காந்தப்புலம் நெடுந்தொலைவு செல்லும் மின்கம்பிகளிலே தூண்டலினால் ஆயிரக்கணக்கான வோல்ற்றைப் பிறப்பிக்கும். 1752ஆம் ஆண்டிற் பெஞ்சமின் பிராங்கிளின் பட்டமேற்றி மின்னலின் இயல்பை ஆராய்ந்தார் என்பது மாணவர் அறிந்ததே. அவர் வழிவந்த இடிதாங்கி, கட்டடத்தைக் காப்பது. கம்பிவழியே நுழையும் எழுச்சியினின்று உள்ளிருக்கும் பொருள்களைக் காப்பதன்று. கூரையில் இடிதாங்கி நிற்க, உள்ளே கணினி எரிந்தால் வியப்படைவதற்கில்லை.

இரண்டாவது காரணம், ஆளிகளைத் திறந்து மூடுதல். நீரிறைக்கும் பம்பி, குளிர்ப்பெட்டி ஆகியவற்றின் மோட்டர்ச்சுருள்களில் ஓடும் ஓட்டம் திடீரெனத் தடைப்படும்போது, சுருள் அதனை எதிர்த்து மிகைவோல்ற்றளவைப் பிறப்பிக்கும். இவை சிறியனவாயினும் நாள்தோறும் நிகழ்ந்து, நுண்பொருள்களின் ஆயுளைச் சிறிது சிறிதாய்க் குறைக்கும். மின்தடைக்குப்பின் மின் மீளும் கணமும் இத்தகையதே. 2022ஆம் ஆண்டு பங்குனி மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின் நிறுத்தப்பட்டதை நாம் மறக்கவில்லை. 2025ஆம் ஆண்டு மாசி 9ஆம் நாள் நாடு முழுவதும் இருளடைந்தபோது, பாணந்துறைத் துணைமின் நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததே காரணமென அமைச்சர் கூறினார். காரணம் எதுவாயினும், மின் மீளும் வேளையில் ஊரிலுள்ள குளிர்ப்பெட்டிகளும் பம்பிகளும் ஒருங்கே உயிர்பெறுதலால், வோல்ற்றளவு சிறிதுநேரம் தள்ளாடுவது இயல்பு.

மூன்றாவது காரணமே பலரும் அறியாதது. அதுவே நொதுமற் கம்பி அறுதல்.

நொதுமற் கம்பியின் அருமை

வீதியிற் செல்லும் மின்வழியில் உயிர்க்கம்பிகள் மூன்று; நொதுமற் கம்பி ஒன்று. எந்த ஓர் உயிர்க்கம்பிக்கும் நொதுமற் கம்பிக்கும் இடையே 230 வோல்ற்று. உயிர்க்கம்பிகள் இரண்டினிடையே ஏறத்தாழ 400 வோல்ற்று. அயலவர் இருவர் வெவ்வேறு உயிர்க்கம்பிகளிலிருந்து மின்பெறுகின்றனர் எனக் கொள்வோம். நொதுமற் கம்பி உறுதியாய் நிற்கும்வரை ஒருவர் வீட்டின் பாவனை மற்றவரைப் பாதிப்பதில்லை. அவ்விரு வீட்டுக்கும் பொதுவான நொதுமற் கம்பி வீதியில் அறுந்துவிடின், இரு வீடுகளும் 400 வோல்ற்றினிடையே தொடராக இணைந்துவிடும்.

இதனைக் கணித்துக் காட்டுவோம். முதல் வீட்டில் 2,000 உவாற்று மின்கேத்தில் கொதிக்கின்றது. அதன் தடை ஏறத்தாழ 26 ஓம். இரண்டாம் வீட்டில் விளக்குகளும் விசிறியுமாக 200 உவாற்று மட்டுமே. அதன் தடை ஏறத்தாழ 265 ஓம். தொடராக இணைந்த மொத்தத் தடை 291 ஓம். 400 வோல்ற்றினால் ஓடும் ஓட்டம் 1.37 அம்பியர். ஆகவே முதல் வீட்டுக்குக் கிடைப்பது 36 வோல்ற்று. இரண்டாம் வீட்டின்மேல் விழுவதோ 364 வோல்ற்று! மிகுதியாய்ப் பாவிப்பவர் வீடு மங்க, சிக்கனமாய்ப் பாவிப்பவர் வீடு எரியும். அம்முதியோரின் வீட்டிலே அன்று மாலை எரிந்தவை இரண்டு விளக்குகளே என்பதை இங்கு நினைவூட்டுகின்றோம்.

காவலெனக் கருதப்படுவன

உருகியும் சிறு சுற்றுடைப்பானும் இருக்கப் பயமென்ன என்பார் பலர். அவை மிகையான ஓட்டத்தினின்று கம்பிகளைக் காப்பன. மிகையான வோல்ற்றளவை அறியமாட்டா. மேலும், சுற்றுடைப்பான் திறப்பதற்குச் சில மில்லிசெக்கன் வேண்டும். மின்னல் எழுச்சியோ ஒரு மில்லிசெக்கன் நிறைவதற்கு முன்பே தன் நாசத்தை முடித்துவிடும். “ட்ரிப் சுவிச்” என வழங்கும் காவற்கருவி, 30 மில்லியம்பியர் அளவான பொசிவு நிலத்துக்குச் சென்றால் மின்னைத் துண்டித்து மனித உயிரைக் காப்பது. அதன் பணி மகத்தானது. ஆயின் கணினியைக் காப்பது அதன் பணியன்று. வோல்ற்றளவைச் சீராக்கும் ஸ்ரபிலைசர் மெல்லென நிகழும் ஏற்றவிறக்கத்தைத் திருத்தும். மைக்குரோசெக்கன் எழுச்சிக்கு அது மிக மந்தமானது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கடமை உண்டு. ஒன்றன் கடமையை மற்றொன்றிடம் எதிர்பார்த்தல் தவறு.

உண்மைக் காவல்

மின்னெழுச்சிக் காப்பானின் தத்துவத்தை எம்மவர்க்கு விளக்க ஒரு குளமே போதும். மாரியில் இரணைமடுக் குளம் நிரம்பியதும் வான்கதவுகளைத் திறந்து மேலதிக நீரை வெளியேற்றுகின்றோம். வெள்ளத்தை நிறுத்த முயன்றால் அணை உடையும்; வழிவிட்டால் அணை நிலைக்கும். மின்னெழுச்சிக் காப்பானும் மின்னமைப்புக்கு அமைந்த வானே. அதனுள் இருப்பது நாகவொட்சைட்டினாலாகிய சிறு வில்லை. வழமையான வோல்ற்றளவில் அது காவலிபோல் மின்னைக் கடத்தாது நிற்கும். குறித்த எல்லையைத் தாண்டியதும், கண்ணிமைப்பதினும் மிகக் குறுகிய நானோசெக்கன்களில் கடத்தியாக மாறி, எழுச்சியைத் தன்வழியே திருப்பிவிடும். எழுச்சி அடங்கியதும் மீண்டும் காவலியாகும். இவ்வரிய பண்பை ஆராய்ந்து 1971ஆம் ஆண்டில் வெளியிட்டவர் யப்பானிய அறிஞர் மட்சுவோக்கா.

இப்போது ஐயாவின் வினாவுக்கு விடை கூறலாம். இத்தகைய மல்ரிபிளக்குகளில் வழமையாக வைக்கப்படும் வில்லை 275 வோல்ற்றுவரை நிலையாய்ப் பொறுப்பது. ஏறத்தாழ 430 வோல்ற்று உச்சத்திற் கடத்தத் தொடங்குவது. 325 என்னும் வழமையான உச்சத்தில் அது உறங்கும். ஆனால் 364 வோல்ற்றின் உச்சம் ஏறத்தாழ 514 ஆதலின், அது செக்கனுக்கு நூறு முறை திறந்து திறந்து மின்னைக் கடத்தியது. ஒருகணப் பெருவெள்ளத்தைக் கழிக்க அமைந்த வான், நாள்முழுதும் ஆறாக ஓடினால் அரிப்புண்டு போவதுபோல, வில்லை வெந்து தீப்பற்றியது. காவல் பொய்யன்று, அதற்கு உரியதல்லாத கடமை அதன்மேல் விழுந்தது.

எனவே காவல் இரண்டு வேண்டும். எழுச்சிக்கு வில்லைக் காப்பான். நீடித்த மிகையழுத்தத்துக்கு, வோல்ற்றளவை இடைவிடாது நோக்கி, ஏறத்தாழ 260 அல்லது 270ஐத் தாண்டியதும் வீட்டை மின்வழியினின்று துண்டிக்கும் தானியங்கித் துண்டிப்பான். முன்னையது விரைவானது, நீண்டநேரம் தாங்காது. பின்னையது சற்றுத் தாமதமானது, எவ்வளவு நேரமும் காக்கும். மின் சீராகிச் சிறிது நேரம் கழித்தே மீள இணைக்கும் வகையைத் தெரிந்துகொள்ளல் குளிர்ப்பெட்டிக்கும் நன்று.

அமைக்கும் முறை

வில்லைக் காப்பான்கள் மூவகையாக வகுக்கப்பட்டுள்ளன. இடிதாங்கி உள்ள கட்டடத்தின் மின்வாயிலில் மின்னலோட்டத்தையே தாங்குவது முதல் வகை. வீட்டின் விநியோகப் பெட்டியில் பொருத்துவது இரண்டாம் வகை. பொருளின் அருகே, செருகுமிடத்தில் இருப்பது மூன்றாம் வகை. இடிதாங்கியற்ற சாதாரண இல்லத்துக்கு இரண்டாம் வகையே அடிப்படை. மூன்றாம் வகை அதற்குத் துணையேயன்றி அதன் இடத்தைப் பிடிப்பதன்று. சாதாரண வீட்டுப் பொருள்கள் 2,500 வோல்ற்று அளவான கணநேர எழுச்சியையும், மிக நுண்ணியவை 1,500 வோல்ற்றையும் பொறுக்கும்படி வகுக்கப்பட்டவை. காப்பான் தன்னைக் கடந்து செல்லவிடும் வோல்ற்றளவு 1,500ஐ மேற்படாதிருத்தல் வேண்டும். வாங்கும்போது இவ்விலக்கத்தை அதன் மேலுறையிற் பார்த்தறிக.

கம்பியின் நீளம் அற்பமான செய்தியன்று. நேரான கம்பி ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு மைக்குரோஹென்றி தூண்டற்றிறன் உடையது. 10,000 அம்பியர் எழுச்சி 8 மைக்குரோசெக்கனில் உயருமாயின், ஒவ்வொரு மீற்றர்க் கம்பியிலும் 1,250 வோல்ற்று தோன்றும். நல்ல காப்பானை வாங்கி, அதனை இரண்டு மீற்றர்க் கம்பியால் சுற்றிவளைத்து இணைப்பின், காவல் கம்பியிலேயே கரைந்துவிடும். இருபுறக் கம்பிகளும் சேர்ந்து அரை மீற்றருக்கு மேற்படலாகாது.

இனிப் புவித்தொடுப்பு. வானுக்கு வாய்க்கால் இல்லாவிடின் திறந்த வெள்ளம் ஊருக்குள்ளேயே புகும். காப்பான் திருப்பிவிடும் ஓட்டத்துக்கு நிலமே கடைசிப் புகலிடம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மெல்லிய மண்ணின்கீழ்ச் சுண்ணக்கல் இருத்தலால் புவிக்கோலை ஆழமாய் இறக்குதல் எளிதன்று. கோடையில் மண் காய, தடையும் உயரும். முற்றத்தைத் திருத்தும்போது புவிக்கம்பியை வெட்டிவிட்ட வீடுகளையும், மூன்று முனைச் செருகியின் புவிமுனையை முறித்துவிட்டு இருமுனைத் துளையிற் செருகிய வீடுகளையும் நாம் கண்டிருக்கின்றோம். அவ்வீடுகளில் எக்கருவியும் முழுக்காவல் ஆகாது. உப்பிட்டு நீரூற்றும் பழைய வழக்கம் தடையைச் சிறிதுகாலம் குறைப்பினும் கோலை அரித்துவிடும். தகுதிபெற்ற மின்வினைஞரைக் கொண்டு புவித்தடையை, வறண்ட காலத்தில், அளந்தறிதலே முறை.

எழுச்சி மின்கம்பிவழியே மட்டும் வருவதில்லை. தொலைபேசிக் கம்பி, தொலைக்காட்சி அன்ரெனா, முற்றத்துக் கண்காணிப்புக் கமெரா ஆகியவற்றின் வடங்களும் வாயில்களே. முன்வாயிலைப் பூட்டிவிட்டுப் படலையைத் திறந்துவைப்பதிற் பயனில்லை. இவ்வடங்களுக்கு உரிய காப்பான்களை இட்டு, யாவற்றையும் வீட்டின் ஒரே புவித்தொடுப்போடு இணைத்தல் வேண்டும். கூரையிற் சூரியத்தகடு உடையோர் அதன் நேரோட்டப் பக்கத்துக்கும் தனிக் காப்பான் இடுவிக்க.

இல்லத்தார் கைக்கொள்ள வேண்டுவன

எந்தச் சிறு காப்பானும் வீட்டின்மீது நேரே விழும் இடியை முற்றாகத் தடுக்கும் என உறுதி கூற இயலாது. ஆதலின் பழைய வழியே சிறந்த வழி: இடிமழை நெருங்குமுன் செருகிகளையும் அன்ரெனா வடத்தையும் கழற்றிவிடுக. மின்னலைக் கண்டபின் இடியைக் கேட்கும்வரை எண்ணுக. மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் நெருங்கிவிட்டது. அதன்பின் கம்பிகளைத் தொடாதிருத்தலே அறிவுடைமை.

மின் நின்றதும் குளிர்ப்பெட்டி, தொலைக்காட்சி, கணினி ஆகியவற்றின் ஆளிகளை மூடி, மின் மீண்டபின் ஐந்து நிமிடமேனும் பொறுத்துத் திறக்க. ட்ரிப் சுவிச்சின் பரிசோதனைப் பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பார்க்க. காப்பானிலுள்ள அடையாளச் சாளரம் நிறம் மாறியிருப்பின் அதன் ஆயுள் முடிந்ததெனக் கொண்டு மாற்றுவிக்க; எரியும் சிறு விளக்கொன்றை மட்டும் கண்டு மனநிறைவு கொள்ளற்க.

எல்லாவற்றுக்கும் மேலாக, விளக்குகள் சில மிகையாய் ஒளிர, வேறு வீட்டில் மங்குமாயின், அது நொதுமற் கம்பி அறுந்ததன் அறிகுறி. காரணம் ஆராயாது உடனே மெயின் சுவிச்சை நிறுத்துக; அயலவரையும் கூவி எச்சரிக்க; மின் வழங்குவோருக்கு அறிவிக்க. வீழ்ந்து கிடக்கும் கம்பி எதனையும், நொதுமற் கம்பியே என நினைந்தும், தொடற்க. மெயின் பெட்டியைத் திறந்து திருத்தும் வேலை உரிமம் பெற்றவருக்கே உரியது. அதில் மிச்சம்பிடிக்கும் சில ஆயிரம் ரூபா, உயிருக்கு ஈடாகாது.

முடிவுரை

எமது கல்லூரியின் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் ஓமின் விதியைக் கற்று, பரீட்சையில் விடையெழுதி, பின் மறந்தவர் எம்மிற் பலர். மேலே நாம் செய்த கணிப்பு அவ்விதியன்றி வேறில்லை. அன்று அம்முதியோர் வீட்டிற்கு ஓடிவந்து முதலில் மெயின் சுவிச்சை நிறுத்திய இளைஞர், அப்போது உயர்தர வகுப்பிற் பயின்ற மாணவர். நீரையன்றி மண்ணை எடுத்ததற்குக் காரணம் கேட்டோம்; “மின் தீக்கு நீரூற்றக்கூடாது என்று வகுப்பிற் படித்தது நினைவுக்கு வந்தது” என்றார். கல்வி உயிர்காத்த கணம் அதுவென்போம்.

தூரதேசங்களில் வாழும் பழைய மாணவர்களுக்கு எமது வேண்டுகோள் ஒன்றுண்டு. பெற்றோருக்கு விலையுயர்ந்த பொருள்களை வாங்கிக் கொடுக்கின்றீர்கள். அடுத்த முறை வரும்போது, தகுந்த மின்வினைஞரோடு சென்று அவ்வீட்டின் புவிக்கம்பியையும் விநியோகப் பெட்டியையும் பாருங்கள். இங்குள்ள மாணவர்களோ, தம் ஒழுங்கையில் தனித்து வாழும் முதியோருக்கு மெயின் சுவிச் எங்குள்ளதென்று இன்றே காட்டிவிடலாம். ஐயாவின் வீட்டில் இப்போது காப்பானும் துண்டிப்பானும் உள்ளன; புதிய புவிக்கோலும் இறக்கப்பட்டுள்ளது. அடுத்த மாரியில் மட்டை விழாதெனக் கூற எம்மால் இயலாது; விழுந்தால் விளக்கு அணையும், வீடு எரியாது என்று கூற இயலும்.